நான்கு விரல் அகல நிழல்

விடிவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதல் தடவை அதை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பகலில் மேகமாக இருந்திருக்கும் என்று ஒரு சமாதானம். அடுத்த வாரம் மூன்று முறை கத்தியது. அந்த மூன்று நாளும் வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

எங்கள் மொட்டை மாடியில் நான்கு சோலார் பேனல்கள் இருக்கின்றன. எட்டு ஆண்டுப் பழையவை. ஒவ்வொன்றும் 250 வாட், 60 செல். இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் கோத்து, அந்த இரண்டு சரங்களையும் பக்க இணைப்பில் சேர்த்து எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலருக்குக் கொடுத்திருக்கிறோம். பேனல் எந்த மின்னழுத்தத்தில் அதிகத் திறன் தருமோ அதைத் தேடிப் பிடித்து இழுக்கும் பெட்டி அது. அங்கிருந்து 24 வோல்ட் பேட்டரிக்குப் போகிறது. மொத்தம் 1000 வாட் என்பது பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் காகிதத்தின் கணக்கு. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம், செல்லின் வெப்பம் 25 டிகிரி என்று சோதனைக்கூடத்தில் அளந்தது அது. உச்சி வெயிலில் செல் 60 டிகிரியைத் தொட்டுவிடும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் திறன் குறையும். தூசு, கம்பி இழப்பு எல்லாம் போக நல்ல நாளில் உச்சி வேளைக்கு 760 வாட் வரும். பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசியாக எப்போது பார்த்தேன் என்பதுதான் நினைவில்லை.

எல்லோரையும் போல நானும் முதலில் பேட்டரியைத்தான் சந்தேகித்தேன். மூன்று ஆண்டு உழைத்த அமில பேட்டரி. பன்னிரண்டு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்த்தேன். முழுதாகச் சார்ஜ் ஏறிய அறையில் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.265 அளவில் நிற்க வேண்டும். எல்லா அறைகளிலும் 1.215-க்கும் 1.225-க்கும் நடுவில்தான் இருந்தது. ஓர் அறை மட்டும் 1.150 என்று தாழ்ந்திருந்தால் அந்த அறை செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பன்னிரண்டும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்ததால் பேட்டரிக்கு நோய் இல்லை, பசி என்று தெரிந்தது. மேலே இருந்து வருவது போதவில்லை.

இந்த மாதிரி அமைப்பில் "இன்று எத்தனை யூனிட் வந்தது" என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. பேட்டரி நிரம்பிவிட்டால் கன்ட்ரோலர் பேனலிலிருந்து இழுப்பதைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைவாகச் செலவழித்தால் குறைவாகத்தான் விளையும். வீட்டில் ஆள் இல்லாத வாரத்தில் யூனிட் குறைந்ததைப் பார்த்துப் பதறியவள் நான். இந்த முறை அந்த அசட்டுத்தனம் வேண்டாம் என்று, வெயில் நன்றாக ஏறிய பிறகு தண்ணீர் மோட்டாரையும் சலவை இயந்திரத்தையும் சேர்த்து ஓடவிட்டு, கன்ட்ரோலர் முன் நின்றேன். 510 வாட். மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை.

அதே திரையில் இன்னோர் எண்ணும் மின்னிக்கொண்டிருந்தது. பேனல் பக்க மின்னழுத்தம் 36 வோல்ட். அதைப் படித்தேன், கடந்து போய்விட்டேன். வழக்கமாக அந்த இடத்தில் 53 இருக்கும். அங்கேயே நின்று யோசித்திருந்தால் அடுத்த நான்கு நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

மறுநாள் பேனல்களைக் கழுவினேன். விடியற்காலையில்தான் கழுவ வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விழ வாய்ப்பு உண்டு. உப்பு நீராக இருந்தால் காய்ந்து வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். மென்மையான துடைப்பான், வாளி நீர், ஒரு மணி நேர முதுகு வலி. பலன் 20 வாட். தூசுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்பவர்களுக்கு இந்த 20 வாட்டைச் சமர்ப்பிக்கிறேன்.

மூன்றாம் நாள், கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு ஏறினேன். முதல் சரத்தின் கம்பியைச் சுற்றிக் கவ்வவிட்டேன். பூஜ்யம். இரண்டாம் சரத்தில் கவ்வவிட்டேன். அதிலும் பூஜ்யம். இரண்டு சரமும் பூஜ்யம் என்றால் 530 வாட் எங்கிருந்து வருகிறது? கால் மணி நேரம் வெயிலில் குழம்பி நின்ற பிறகுதான் மீட்டரின் நெற்றியில் ஏ.சி. என்று மட்டும் எழுதியிருப்பதைப் பார்த்தேன். பேனல் தருவதோ டி.சி., ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். அது மாறாத காந்தப்புலத்தைத்தான் உண்டாக்கும். வெறும் சுருள் வைத்த கிளாம்ப் அதை உணராது. மாறாத புலத்தையும் உணரும் ஹால் உணரி வைத்த மீட்டர் வேண்டும். ஒன்றை இரவல் வாங்கி வந்தேன்.

கீழே உட்கார்ந்து பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது இன்னொரு வெட்கம். முதல் ஆண்டு முழுக்க உச்சி வேளை வாட்டைத் தினமும் எழுதியிருக்கிறேன். இரண்டாம் ஆண்டு வாரம் ஒரு முறை. அப்புறம் வெற்றுத் தாள்கள். அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 315 பங்கு அளவில் இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஏறுகிறது என்று நமக்குத் தெரிவதே அந்த மலையில் அளப்பதை விடாமல் தொடர்ந்ததால்தான். என் மாடியில் இறங்கிக்கொண்டிருந்த கோட்டை எழுத ஆளில்லை. ஆகவே பழுது போன மாதமா, ஆறு மாதம் முன்பா என்று என்னால் சொல்ல முடியாது.

நான்காம் நாள் காலை, வெயில் கடுமையாவதற்கு முன் மகளையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். முதலில் பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டி.சி. ஐசொலேட்டரை அணைத்தேன். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கம்பிகளை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கக் கூடாது. 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. பொறி எழுந்தாலும் அதில் அணைய வழியுண்டு. டி.சி.க்கு அந்தக் கருணை இல்லை. பொறி நீண்டுகொண்டே வந்து பிளாஸ்டிக்கை உருக்கும், கையையும் பார்க்காது.

சரங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தேன். முதல் சரம் 69.9 வோல்ட். இரண்டாம் சரம் 46.6. அப்பாடா, ஒருவழியாகக் குற்றவாளி இருக்கும் தெரு தெரிந்தது. இரண்டாம் சரத்தின் பேனல்களைக் கழற்றினேன். நான்காவது பேனல் 34.9. மூன்றாவது 11.7.

"பேனல் செத்துவிட்டது" என்றேன். மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அம்மா, இதை மூன்றால் பெருக்கினால் 35 வருகிறதே. செத்திருந்தால் இவ்வளவு சரியாகவா சாகும்?"

அவள் சொன்னதுதான் விடை. 60 செல் பேனலுக்குள் இருபது இருபதாக மூன்று கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் இணையாக ஒரு பைபாஸ் டையோடு. டையோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்ன உறுப்பு. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அது மின்சாரம் தருவதை நிறுத்திவிட்டு, மற்றவை தருவதைத் தின்று சூடாகத் தொடங்கும். அப்போது மின்னோட்டம் அந்த இருபது செல்களுக்குள் நுழையாமல் டையோடு வழியாகச் சுற்றிப் போய்விடும், ஊருக்குள் வராமல் பைபாஸில் போகும் பஸ் போல. நிழல் விலகினால் பைபாஸ் தானே மூடிக்கொள்ளும். டையோடு ஷார்ட் ஆகிவிட்டால் அது மூடவே மூடாது. அந்த இருபது செல்களும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாலும் அவற்றின் மின்சாரம் டையோடைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துபோகும். என் பேனலில் மூன்றில் இரண்டு டையோடுகள் அப்படி ஆகியிருந்தன.

இப்போது அந்த 36 வோல்ட்டும் புரிந்தது. மொத்தம் 12 கூட்டங்களில் கெட்டது 2, அதாவது ஆறில் ஒரு பங்கு. நான் இழந்ததோ மூன்றில் ஒரு பங்கு. காரணம், பக்க இணைப்பில் இரண்டு சரத்துக்கும் ஒரே மின்னழுத்தம்தான் இருக்க முடியும். 53 வோல்ட்டில் நிறுத்தினால் கெட்ட சரம் ஒன்றுமே தராது, பாதி போய்விடும். 36-க்கு இறக்கினால் இரண்டு சரமும் கொடுக்கும். ஆனால் நல்ல சரமும் தன் மூன்றில் ஒரு பங்கைப் பறிகொடுக்கும். கன்ட்ரோலர் இரண்டையும் முயன்று பார்த்து, சேதம் குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, அதைத் திரையிலும் எழுதி வைத்திருந்தது. படிக்கத் தெரியாதவள் நான்.

பேனல்களை நிறுவியவரைப் போனில் அழைத்தேன். அளவுகளைக் கேட்டுவிட்டு, "எட்டு வருடம் ஆகிவிட்டதே, அதை இறக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிடலாம், அரைநாள் வேலை" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய நேரத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2014-ல் கொடுத்த ஒப்பீட்டில், நிலக்கரியில் எடுக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வாழ்நாள் கணக்கில் இடைநிலை மதிப்பு 820 கிராம் கார்பன் டை ஆக்சைடு. கூரைச் சோலாருக்கு 41 கிராம். அந்த 41-ல் பெரும்பங்கு பேனல் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே புகையாகிவிட்டது: சிலிக்கானை உருக்கியதில், கண்ணாடி வார்த்ததில், அலுமினியச் சட்டத்தில். அந்தப் புகையை ஏறத்தாழ 25 ஆண்டு விளைச்சலுக்குப் பங்கிட்டால்தான் 41 வரும். எட்டாம் ஆண்டிலேயே தூக்கிப் போட்டால் அதே புகையை மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுகள் சுமக்க வேண்டும்.

தூக்கிப் போட்டால் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. பேனலின் எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. அதை செல்லோடும் பின்தாளோடும் ஒரு பிசின் படலம் விடாப்பிடியாக ஒட்டி வைத்திருக்கிறது; மழையும் வெயிலும் பிரிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தது, மறுசுழற்சி செய்பவராலும் எளிதில் பிரிக்க முடியாது. பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் 2016 அறிக்கை, 2050-க்குள் உலகில் சேரும் பேனல் கழிவு 7.8 கோடி டன் வரை போகலாம் என்று கணித்தது. கட்டைவிரல் நகம் அளவுள்ள இரண்டு டையோடுகளுக்காக அந்தக் குவியலில் நானும் பதினெட்டு கிலோ போடுவதாக இல்லை.

பேனலைத் திருப்பிப் போட்டு, அடியில் ஒரு கம்பளி, மேலே ஒரு கம்பளி. வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை பேனலை அணைக்க எந்த சுவிட்சும் கிடையாது. மூடுவதுதான் ஒரே வழி. பேனலின் முதுகில் கம்பிகள் வெளிவரும் பெட்டியான ஜங்ஷன் பாக்ஸ் மூடியின் இடது பாதி பழுப்பேறி லேசாக உப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நான்கு கொக்கிகளையும் நெம்பியதும் எரிந்த பிளாஸ்டிக் வாடை. உள்ளே நான்கு செப்புத் தகடுகள், அவற்றுக்கு நடுவே மூன்று கறுப்பு டையோடுகள். ஓரத்தில் எறும்புகள் மண் கொண்டுவந்து குடியேறியிருந்தன. சூடு அவற்றுக்குப் பிடித்திருக்க வேண்டும். வலது டையோடு புதிதுபோல மினுமினுத்தது. நடுவில் இருந்ததன் உடலில் மயிரிழை விரிசல். இடது ஓரத்தில் இருந்ததை விரலால் தொட்டேன், பொரிந்த விளிம்பு பொடியாக உதிர்ந்தது.

மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துப் பார்த்தேன். வலதுபுறம் உள்ளது ஒரு திசையில் 0.21, மறுதிசையில் கடத்தவில்லை; நலம். மற்ற இரண்டும் எந்தத் திசையில் வைத்தாலும் 0.000.

மூன்றையுமே மாற்றுவது என்று முடிவு செய்தேன். நல்லது என்று விட்டதும் அதே வெயிலில் எட்டு ஆண்டு இருந்ததுதானே. பேனலின் மின்னோட்டம் உச்சத்தில் 8.7 ஆம்பியர், இருபது செல்லின் மின்னழுத்தம் 13 வோல்ட்டுக்கும் கீழே. 15 ஆம்பியர், 45 வோல்ட் ஷாட்கி டையோடுகள் வாங்கினேன். சாதாரண சிலிக்கான் டையோடு போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அதில் மின்னழுத்த இழப்பு கூடுதல், ஆகவே சூடும் கூடுதல். அந்தச் சின்னப் பெட்டிக்குள் சூடுதான் எதிரி.

பழைய டையோடுகளைக் கழற்ற என்னுடைய 25 வாட் சால்டரிங் அயர்ன் போதவில்லை. செப்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, ஈயம் கூழாகிக் கூழாகிக் கெட்டிப்பட்டது. 80 வாட் அயர்ன் வந்த பிறகு ஐந்து விநாடியில் உருகி ஓடியது. புதிய டையோடுகளின் கால்களை விறைப்பாக இழுத்துப் பற்றவைக்காமல் சிறு வளைவு விட்டேன்; பகலில் விரிந்து இரவில் சுருங்கும் இடம், இழுத்துக் கட்டினால் சில ஆண்டுகளில் ஈயம் வெடிக்கும்.

கம்பளியை விலக்கி அளந்தேன். 22.9 வோல்ட்.

இந்த முறை நானே மூன்றால் வகுத்துப் பார்த்தேன். இரண்டு கூட்டம் வேலை செய்கிறது, மூன்றாவது இல்லை. உடனே மூடிவிட்டுப் பார்த்தால், நடு டையோடைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன். டையோடின் வெள்ளிக் கோடு நேர்முனைக் கம்பி இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டைச் சரியாக வைத்த பெருமிதத்தில் இடையில் இருந்ததைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். கழற்றித் திருப்பி வைத்தேன். 34.8. மகள் ஏடாகூடமாக எதுவும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

டையோடுகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்பதற்கு இன்னொரு சோதனை உண்டு. பேனலைக் கம்பளியால் மூடி, அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று செருகி, கம்பளியை எடுத்துவிட்டு இரவல் கிளாம்பால் மின்னோட்டத்தைப் பார்த்தேன்: 6.9 ஆம்பியர். ஒரு செல்லை மட்டும் அட்டையால் மறைத்தேன். 6.8. இரண்டாம் கூட்டத்திலும் மூன்றாம் கூட்டத்திலும் ஒவ்வொரு செல்லாக மறைத்தேன், அதே அளவு. பைபாஸ் இல்லையென்றால் ஒரே ஓர் அட்டைத் துண்டு அந்த எண்ணைப் படுக்க வைத்திருக்கும். முனைகளைப் பிரிக்கும் முன்பு மறக்காமல் மீண்டும் கம்பளி.

அன்றைக்கே மாட்டியிருக்கலாம். ஆனால் ஏன் மூன்றாவது பேனல்? மற்ற மூன்றின் பெட்டிகளையும் திறந்தேன், ஒன்றுகூடப் பழுப்பேறவில்லை. மின்னல் என்றுதான் முதலில் நினைத்தேன்; இடி மின்னலில் டையோடு போவது வழக்கம்தான். ஆனால் மின்னல் இடது, நடு என்று பொறுக்கியா அடிக்கும்?

பிற்பகலில் மறுபடி ஏறிப் பார்த்தபோது விடை கண்ணாடிமேல் படுத்திருந்தது. தண்ணீர்த் தொட்டியின் காற்றுக் குழாய். போன ஆண்டு தொட்டி வழிகிறது என்று அதை உயர்த்திக் கட்டச் சொன்னவள் சாட்சாத் நானேதான். நான்கு விரல் அகலம்தான் அதன் நிழல். சாக்கட்டியால் கண்ணாடியில் கால் மணிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தோம். 6 நிரைகளில் முதல் நான்கை மட்டும் அது கடந்தது. பிறகு சூரியன் தொட்டிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. இரண்டு நிரைக்கு ஒரு கூட்டம், நான்கு நிரைக்கு இரண்டு. செத்த டையோடுகளும் அதே இரண்டு.

நீளவாக்கில் விழும் நிழல் ஒரு கூட்டத்தின் பத்துப் பன்னிரண்டு செல்களை ஒரே நேரத்தில் பாதி மறைக்கும். தினமும் பிற்பகலில் அந்த டையோடு முழு மின்னோட்டத்தையும் சுமந்து கொதிக்கும். நிழல் நகர்ந்ததும் அதன்மேல் எதிர்த்திசை மின்னழுத்தம் வந்து உட்காரும். ஷாட்கி டையோடு சூடாக இருக்கும்போது எதிர்த்திசையில் கூடுதலாகக் கசியும். கசிவு சூட்டைக் கூட்டும், சூடு கசிவைக் கூட்டும். ஏதோ ஒரு பிற்பகலில் இந்தச் சுழலிலிருந்து அது திரும்பவில்லை. பேனலைக் காக்க வைத்த காவலாளியை, ஓய்வே கொடுக்காமல் நான் கொன்றிருக்கிறேன்.

குழாயை ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கி, வாயைக் கீழ்நோக்கி வளைத்து வலை கட்டினேன். தொட்டி வழிந்ததற்குக் காரணம் மிதவை வால்வு என்று இப்போது தெரிகிறது. அது தனிக் கதை.

மாட்டும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு கனெக்டரின் உள்முள் கறுத்திருந்தது. அதற்குரிய கருவி இல்லாமல் சாதாரணக் குறடால் நசுக்கியிருக்கிறார்கள். வெட்டியெறிந்து புதிதாகப் போட்டேன். ஜோடியின் இரு பாதியும் ஒரே தயாரிப்பாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றி உள்ளே சூடேறும்.

மறுநாள் உச்சி வேளையில் மோட்டாரையும் சலவை இயந்திரத்தையும் ஓடவிட்டுத் திரை முன் நின்றோம். 53 வோல்ட், 780 வாட். ஐந்தாம் நாள் ஹைட்ரோமீட்டர் 1.260-ஐத் தொட்டது. நாளுக்கு ஒரு யூனிட் மீண்டிருக்கிறது என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், அந்த யூனிட் நிலக்கரியிலிருந்து வந்திருக்குமானால் ஆண்டுக்குச் சுமார் 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதற்கு விலை மூன்று டையோடு, ஒரு முழ ஈயம், இரவல் வாங்கிய இரண்டு கருவிகள். அந்த 80 வாட் அயர்னை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மிஞ்சிய இரண்டு டையோடுகளைச் சிறு உறையில் போட்டுக் கன்ட்ரோலர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தேன். ஒவ்வொரு பேனலின் முதுகிலும் அன்றைய தேதியையும் மின்னழுத்தத்தையும் எழுத வேண்டும் என்றாள் மகள். அவளே எழுதினாள். நான்காவது பேனலில் மார்க்கர் தீர்ந்துவிட்டது. அதில் 34 மட்டும் இருக்கிறது, புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை.